மடி வெளியே, மாமன் உள்ளே

போடி சப்ஜெயில்ல வார்டரா இருந்த வீரையாவுக்கு ஊருக்குள்ள நல்ல பேரு கிடையாது. கை நீட்டுற வார்டரா இருந்திருந்தா ஊரு சகிச்சுக்கிட்டிருக்கும். இந்த மனுசன் எதையும் வாங்கவும் மாட்டாரு, எதையும் உள்ளே விடவும் மாட்டாரு. உள்ளே கிடக்கிறவனுக்கு அவன் பொண்டாட்டி ஒரு வெத்தலையை மடிச்சுக் கொண்டாந்து கெஞ்சினாலும், "ஆத்தா, பாத்துட்டுப் போ, பேசிட்டுப் போ, அழுகணும்னா அழுதுட்டும் போ. வெத்தலை மட்டும் ஆகாது"ம்பாரு. அவ தெருவுக்கு வந்து மண்ணை வாரித் தூத்திட்டுப் போவா. போடி மாதிரி ஊர்ல உள்ளே இருக்கிறவன் யாரு? அடுத்த தெருக்காரன், பங்காளி, நேத்து வரைக்கும் ஒரே கடையில நின்னு டீ குடிச்சவன். அவனுக்கு ஒரு வெத்தலை ஆகாதுன்னு சொன்னா ஊரு சும்மா விடுமா? வாயில வந்ததையெல்லாம் பேசுச்சு.

அதுக்காக ஆளு கல்லுன்னு நெனைச்சிராதீங்க. ஜெயிலு முத்தத்துல தன் கையால ஒரு கறிவேப்பிலைக் கன்னை வச்சு ஆளுயரத்துக்கு வளத்து வச்சிருந்தாரு. களிக்கு ஊத்துற குழம்புல நாலு இலை மணக்கட்டும், பாவம், நாக்கு செத்துப் போயிரும்னு சொல்லுவாரு. உள்ளே இருக்கிற எல்லாரையும் அண்ணே, அப்பு, மாப்ளேன்னு முறை வச்சுத்தான் கூப்பிடுவாரு. ஒருத்தனையும் பேரைச் சொல்லி அதட்டுனது கிடையாது. வீட்டுலயோ வாயே கிடையாது. பொழுது சாஞ்சா வாசக்கதவைப் பூட்டிட்டு, பூட்டு விழுந்துச்சான்னு இழுத்து இழுத்துப் பாப்பாரு. "இங்க யாருய்யா தப்பிச்சு ஓடப் போறது? ஓடுனா நான்தான் ஓடணும்"னு அவரு பொண்டாட்டி சுருளியம்மாள் சிரிப்பா. அவரும் சிரிச்சுக்கிட்டே இன்னொரு தடவை இழுத்துப் பாப்பாரு.

உள்ளே இருக்கிறவனைச் சொந்தக்காரங்க வந்து பாக்குறதை ஜெயில்ல மனுன்னு சொல்லுவாங்க. தெருக்கதவைத் தாண்டி, முத்தத்தைத் தாண்டி, அறையோட கம்பிக்கதவு வரைக்கும் வரலாம். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவங்க. நேரம் ஆனதும் வீரையா சாவிக்கொத்தால கம்பியில லேசாத் தட்டி, "மனு முடிஞ்சது"ன்னு சொல்லுவாரு. அதைச் சொல்லும்போது யாரு மொகத்தையும் பாக்க மாட்டாரு, கறிவேப்பிலைக் கன்னைப் பாத்துக்கிட்டுத்தான் சொல்லுவாரு.

உள்ளே இருந்தவங்கள்ல அவருக்கு நெருங்குன சிநேகிதம் ஒருத்தர் உண்டு. சிலமலை மொக்கச்சாமி. வரப்புத் தகராறுல மம்பட்டிக் காம்பால ஒருத்தன் மண்டையை ஒடைச்சிட்டு வந்தவரு. வழக்கு வாய்தா மேல வாய்தாவா இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. ரெண்டு பேருக்கும் ஆடுபுலி ஆட்டத்துல பைத்தியம். கம்பிக்கதவோட அடிச்சட்டத்துக்கு வெளியே சாக்குக்கட்டியால கட்டம் போட்டு, கல்லும் புளியங்கொட்டையும் வச்சு, இவரு இந்தப் பக்கம் குத்துக்கால் போட்டு உக்காருவாரு. மொக்கச்சாமி அந்தப் பக்கம் உக்காந்து கம்பிக்கு ஊடே கையை நீட்டிக் காயை நகத்துவாரு. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சா தினம் இதே சோலி. "உன் புலியைக் கட்டிட்டேன் பாருடா வார்டரு"ன்னு மொக்கச்சாமி கெக்கலி கொட்டுற சத்தம் தெருவுல போறவனுக்குக் கேக்கும்.

அப்பிடி இருந்த சிநேகிதம் ஒரே நாள்ல அத்துப் போச்சு.

மொக்கச்சாமியோட அப்பன் காய்ச்சல் கண்டு போடி ஆஸ்பத்திரியில கெடந்து, அங்கயே உசிரை விட்டுட்டாரு. பொணத்தை மாட்டு வண்டியில ஏத்திச் சிலமலைக்குக் கொண்டு போற சனம், மூத்த மகன் மொகத்தைக் காட்டிட்டுப் போவோம்னு ஜெயிலு வாசல்ல வண்டியை நிறுத்திருச்சு. அன்னைக்கு மேலதிகாரி கேம்ப்ல, தலைமை வார்டர் சம்சுதீன் பாய் லீவுல கம்பத்துக்குப் போயிருந்தாரு. சாவி வீரையா இடுப்புல.

"திறடா வீரையா! வாசல் வரைக்கும்டா! ஒரு பிடி வாய்க்கரிசி போட்டுட்டு ஓடியாந்துர்றேன். என் கையில வெலங்கு போட்டுக் கூட்டிட்டுப் போ!" மொக்கச்சாமி கம்பியைப் பிடிச்சு உலுக்கி உலுக்கிக் கதறுனாரு.

வீரையா இடுப்புச் சாவியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. "உத்தரவு இல்லைண்ணே. உத்தரவு இல்லாமத் திறக்கக் கூடாதுண்ணே"ன்னு அதையே சொல்லிக்கிட்டு நின்னாரு. அவருக்கு வேற ஒன்னும் தோணலை. வண்டி நிக்குற வரைக்கும் நின்னுச்சு. அப்புறம் மாட்டுச் சலங்கை சத்தம் கேட்டுச்சு. அது தெரு முக்கு திரும்பித் தேயுற வரைக்கும் மொக்கச்சாமி அசையாம நின்னாரு.

கொள்ளியை இளையவன் வச்சானாம். அன்னையிலேருந்து மொக்கச்சாமி வீரையாகிட்ட ஒரு பேச்சுப் பேசலை. அப்பனுக்கு மொட்டை போடாத தலை இதுன்னு, ஜெயிலுக்கு வர்ற நாவிதரையும் கிட்ட விடலை. சடையும் தாடியுமா ஆளே மாறிப் போனாரு. வீரையா அப்பப்ப சாக்குக்கட்டியை எடுத்துக்கிட்டு வந்து கம்பிகிட்டக் கட்டம் போடுவாரு. அந்தப் பக்கத்துலேருந்து கை வராது. கொஞ்ச நேரம் உக்காந்து பாத்துட்டு, தானே கையால அழிச்சிட்டு எந்திரிச்சுப் போவாரு. நான் செஞ்சது முறைதானேன்னு மனசுக்குள்ள ஆயிரம் தடவை கேட்டுப் பாத்தாரு. முறைதான்னு பதிலும் வந்துச்சு. சோறு மட்டும் எறங்கலை.

இந்த நெலமையிலதான் ராக்கையா வந்து சேந்தான். வேற யாரு, சுருளியம்மாளோட ஒரே தம்பி. சண்டைக் காலத்துல நின்னு போன மதுரை ரயிலு மறுபடி ஓட ஆரம்பிச்ச சமயம் அது. இவன் ரயிலு ஏறிப் பொழைக்கப் போவான்னு பாத்தா, குரங்கணிக்கு மேல ஏலக்காட்டுக்குப் போயிட்டான். மலையாளத்து ஆளுகளோட பழகிப் பழகி, எதைக் கேட்டாலும் "எந்தா?"ம்பான். கோவக்காரன், ஆனா நல்ல பய. ஏலப்பழம் எடுத்துட்டு வந்த பொம்பளையாளுகளை எடை போடுற எடத்துல கங்காணி அசிங்கமா ஏச, இவன் விட்டான் ஒரு அறை, கங்காணிக்கு முன்பல்லு போச்சு. போலீசு கொண்டாந்து மச்சான் கையிலயே ஒப்படைச்சுட்டுப் போச்சு. மொக்கச்சாமி இருந்த அறையிலதான் அவனையும் போட்டாங்க.

"எந்தா மச்சான், சொகமா?"ன்னான் உள்ளே நொழையும்போதே.

"வாயை மூடிட்டுப் போடா மாப்ளே"ன்னு பூட்டுனாரு வீரையா. பூட்டை இழுத்துப் பாக்கும்போது கண்ணு கலங்கிருச்சு.

அந்தச் சமயத்துலதான் வீரையா மக பேச்சிக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறிச்சிருந்தாங்க. பிள்ளைக்கு மூணு வயசு முடியப் போகுது. நாலு ரெட்டைப்படை, அதுல குத்த மாட்டாங்க. நம்ம பக்கத்துல தாய்மாமன் மடியில உக்காராம ஒரு பிள்ளைக்கும் மொட்டையும் கிடையாது, காதுகுத்தும் கிடையாது. மாமன் இருக்கும்போது வேற எவன் மடியிலயாவது வச்சுக் குத்திட்டா, நீ எங்களுக்கு வேணாம்னு அந்த மாமன் மொகத்துல அடிச்ச மாதிரி. அந்த உறவு அன்னையோட முடிஞ்சுது. சுருளியம்மாளோ ஆத்தாளைப் பறிகொடுத்துட்டு, தம்பியை இடுப்புல தூக்கி வளத்தவ. ராக்கையாவும் போன வருசமே ஏலக்காட்டுச் சம்பளத்துல பேச்சிக்குத் தங்கக் கம்மலு செஞ்சு அக்காகிட்டக் கொடுத்து வச்சிருந்தான்.

"நீங்க தெனமும் திறக்குற கதவுதானே? ஒரு நாழி திறந்து விட்டா வானமா இடிஞ்சு விழுந்துரும்?"ன்னு சுருளியம்மாள் கேட்டா.

வீரையா வாசக்கதவுப் பூட்டை இழுத்துப் பாக்கப் போனாரு.

"என் தம்பி மடியில உக்காராம எம்பிள்ளை காதுல ஊசி படாது. சொல்லிட்டேன். ஆயுசுக்கும் மூளிக் காதோடயே இருக்கட்டும். ஊரு கேட்டா, எங்கப்பன் வார்டருன்னு சொல்லட்டும்."

அவ கத்தியிருந்தாக்கூட மனுசன் தாங்கியிருப்பாரு. கத்தாம, பிள்ளையோட காதைத் தடவிக்கிட்டே சொன்னா. அதுதான் அவரைப் போட்டு அறுத்துச்சு.

சம்சுதீன் பாய்க்கும் சேதி போச்சு. பெரிய மனசுக்காரரு. கம்பிக்கதவுக்கு முன்னாலயே வீரையாவைக் கூப்பிட்டு, "நாளைக்கு வெள்ளிக்கெழமை. நான் தொழுகைக்குப் போயிருவேன். திரும்பி வரும்போது உம்ம மச்சினன் உள்ளே இருக்கணும். நடுவுல நடந்தது எனக்குத் தெரியாது, கேக்கவும் மாட்டேன். பிள்ளை காரியம்யா"ன்னு சொல்லிட்டுப் போனாரு. உள்ளே ராக்கையா அப்பவே தலையைச் சீவ ஆரம்பிச்சுட்டான்.

வீரையா சாவிக்கொத்தைக் கையில பிடிச்சபடி நின்னாரு. ஆசை இல்லாமலா? பெத்த மக, கட்டுன பொண்டாட்டி, கேக்க ஆளு இல்லை, பூட்டு கைக்கு எட்டுற தூரத்துல. ஆனா அந்தப் பக்கம் சுவத்தோரம் சடையும் தாடியுமா ஒரு ஆளு உக்காந்திருந்துச்சே. அவரைப் பாத்ததும் சாவியைத் திரும்பவும் இடுப்புல செருகிக்கிட்டாரு.

"மாப்ளே, நாளைக்குத் திறக்க மாட்டேன்டா. உங்கக்கா என்னைய வெட்டிப் போட்டாலும் திறக்க மாட்டேன்."

ராக்கையா சீப்பைக் கீழே போட்டான். அப்பத்தான் சுவத்தோரத்துலேருந்து சத்தம் வந்துச்சு. அத்தனை நாளைக்கப்புறம் மொக்கச்சாமி வாயைத் திறந்தாரு.

"திறந்து விட வேண்டியதுதானே? பாயே சொல்லிட்டாருல்ல? நான் யாருகிட்டயும் போயிப் பிராது கொடுக்க மாட்டேன்."

"உனக்குத் திறக்காத கதவுண்ணே அது." வீரையா தெருக்கதவுப் பக்கம் கையைக் காட்டுனாரு. "உங்கப்பன் வாசல்ல கெடக்கும்போது திறக்கலை. என் மச்சினன்னு வரும்போது திறந்தா நான் மனுசனாண்ணே?"

மொக்கச்சாமி எந்திரிச்சுக் கம்பிகிட்ட வந்தாரு. "அடப் போடா. இன்னும் கதவையே பிடிச்சுக்கிட்டுத் தொங்குறே. நீ கதவைத் திறக்கலைங்கிறதுக்காகவா நான் உன்கூடப் பேசாம இருந்தேன்? அன்னைக்கு ஆத்தாமையில திறடான்னு கத்துனேன். உன் சோலி அப்பிடி, திறக்கலை. சரி. ஆனா மனுப் பாக்க வர்றவங்களைக் கம்பி வரைக்கும் விடுறேல்ல? எங்கப்பனும் என்னையப் பாக்கத்தானேடா வந்தாரு?"

வீரையா தெருக்கதவையும் கம்பியையும் மாறி மாறிப் பாத்தாரு.

"இந்தக் கம்பிகிட்டக் கொண்டாந்து எறக்கச் சொல்லியிருந்தா, கையை நீட்டி அரிசியைப் போட்டிருப்பேன். கன்னத்தைத் தொட்டிருப்பேன். தெனம் இந்தக் கம்பிக்குள்ள கையை நீட்டி உன்கூட ஆடுபுலி ஆடுனவன்டா நானு. இதுக்குள்ள என் கை போகும்னு உனக்குத் தெரியாதா? எனக்குத்தான் துக்கத்துல புத்தி மழுங்கிப் போச்சு. உனக்கு என்னடா வந்துச்சு? நான் உன் மச்சினனா இருந்திருந்தா உனக்குத் தோணியிருக்கும்."

இம்புட்டு நாளா முறை முறைன்னு மனசைத் தேத்திக்கிட்டு இருந்த மனுசன், அந்த அடிச்சட்டத்துகிட்ட உக்காந்து ஓன்னு அழுதாரு. காக்கி உடுப்போட ஒரு வார்டர் கைதி முன்னால உக்காந்து அழுகிறதை அந்த ஜெயிலு அதுக்கு முன்னால பாத்ததில்லை. முறையும் கெடாம, மனுசனும் கெடாம ஒரு வழி கண்ணுக்கு முன்னாலயே இருந்திருக்கு. தெனம் உக்காந்து வெளையாடுன எடம். அது தனக்குத் தோணலையேன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டாரு.

மொக்கச்சாமி கொஞ்ச நேரம் அழுக விட்டாரு. அப்புறம், "சரி, மூக்கைச் சிந்து. எனக்கு யோசிக்கலை, உன் மகளுக்காவது யோசி"ன்னுட்டு, திரும்பி ராக்கையாவைப் பாத்தாரு. "ஏலே, உன் கொக்குக்காலைக் கம்பிக்குள்ள நீட்டு, பாப்போம்."

ராக்கையா உக்காந்து ரெண்டு சந்துல ரெண்டு காலையும் விட்டான். ஏலக்காட்டுல ஏறி எறங்குன ஒல்லிக் காலு, தொடை வரைக்கும் சுளுவா வெளியே வந்துச்சு. ரெண்டு கையையும் நீட்டிப் பாத்தான், அதுவும் வந்துச்சு. மடி வெளியே இருந்துச்சு, மாமன் உள்ளே இருந்தான்.

சம்சுதீன் பாய் வந்து பாத்துட்டுத் தாடியைத் தடவிக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சாரு. "ஆளு உள்ளதான் இருக்கான். பூட்டு பூட்டுனபடி இருக்கு. ஊசி, கத்தி எல்லாம் கம்பிக்கு வெளியே. சொந்தக்காரங்க மனு நேரத்துல வர்றாங்க. காலைப் பத்தி சட்டத்துல ஒன்னும் சொல்லலையேய்யா"ன்னு சிரிச்சாரு.

சுருளியம்மாள்கிட்டப் போயிச் சொன்னதும், "எம்பிள்ளைக்கு ஜெயிலு முத்தத்துல காதுகுத்தா? உங்க மூளையைக் கொண்டு போயி..."ன்னு ஆரம்பிச்சவ, தம்பி காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்குறதை நெனைச்சுப் பாத்துட்டு, முந்தானையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அழுதா. பிள்ளையோட முடியைத் துணியில முடிஞ்சு கோயில்ல கொண்டு போயிச் செலுத்திக்கிட்டாப் போச்சுன்னு அவளே சொன்னா.

மறுநாள் பாய் தொழுகைக்குப் போயிட்டு வந்ததுக்கப்புறம்தான் எல்லாம் நடந்துச்சு. ஒளிவு மறைவே இல்லை. ஆசாரி ஊசியோட வந்தாரு, நாவிதர் கருத்தையா கத்தியோட வந்தாரு. தட்டுல அரிசி, வெல்லம், தேங்காய், பழம். ராக்கையா கம்பிக்குள்ள காலை நீட்டி உக்காந்து, மடியில புதுத் துண்டை விரிச்சுக்கிட்டான். பேச்சியைத் தூக்கி வச்சதும் அது மாமன் மொகத்தைக் கம்பிக்குள்ள பாத்துட்டு, "மாமா ஏன் கூண்டுல இருக்கு?"ன்னு கேட்டுச்சு.

"உங்கப்பன் என்னைய வளக்குறாரு ஆத்தா"ன்னான் ராக்கையா. உள்ளே இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. வீரையாவும் சிரிச்சாரு.

மொட்டை முடிஞ்சு, ஆசாரி ஊசியை எடுத்ததும் பேச்சி வீல்னு கத்துச்சு. கம்பிக்கு ஊடே ரெண்டு கையையும் நீட்டி மாமன் பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். காது ரெண்டும் செவந்து, கம்மலு ஏறி, வெல்லத்தை வாயில போட்டதும் அழுகை நின்னுச்சு. ராக்கையா அழுகைதான் நிக்கலை. பிள்ளை உக்காந்த கனத்துல காலு மரத்துப் போயி உள்ளே இழுக்க வரலைன்னு வேற அலறுனான். வெளக்கெண்ணெயைத் தொடையில தடவி, இந்தப் பக்கம் வீரையா தள்ள, அந்தப் பக்கம் மொக்கச்சாமி இழுக்க, ஒருவழியாக் காலு உள்ளே போச்சு.

கருத்தையா கத்தியைத் தொடைச்சுப் பெட்டியில வைக்கப் போனாரு. அப்ப மொக்கச்சாமி வந்து கம்பியில தலையைச் சாச்சாரு.

"எனக்கும் எடுத்து விடு."

அது எதுக்கு எடுக்குற மொட்டைன்னு எல்லாருக்கும் தெரியும். நல்ல காரியம் நடந்த எடத்துல எழவு மொட்டையான்னு சொந்தக்காரப் பொம்பளை ஒருத்தி முணுமுணுத்தா. வீரையா பொண்டாட்டியைப் பாத்தாரு.

சுருளியம்மாள் பிள்ளையை இடுப்புல ஏத்திக்கிட்டு முன்னால வந்தா. "எடுங்கய்யா. எம்பிள்ளைக்கு மாமன் மடி கெடைச்சது இந்த அண்ணனாலதான். அவருக்கு எடுக்காம யாருக்கு எடுக்கப் போறீங்க?"

கத்தி கம்பிக்கு வெளியே, தலை கம்பியோட ஒட்டி. சடையெல்லாம் வீரையா விரிச்ச துண்டுல விழுந்துச்சு. மொக்கச்சாமி கண்ணை மூடிக்கிட்டு, திரும்பித் திரும்பிக் காட்டுனாரு. எடுத்து முடிச்சதும் கம்பிக்கு ஊடே கையை நீட்டுனாரு. என்ன கேக்குறாருன்னு வீரையாவுக்கு இந்தத் தடவை யாரும் சொல்ல வேண்டியிருக்கலை. தட்டுலேருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி அந்தக் கையில வச்சாரு. மொக்கச்சாமி அதை நெஞ்சுக்கு நேரா வச்சிருந்துட்டு, கம்பிக்கு வெளியே, அப்பனைக் கொண்டாந்து எறக்கியிருக்க வேண்டிய அந்த எடத்துல, மெதுவாப் போட்டாரு. வீரையா செம்புத் தண்ணியை எடுத்து, தன் கையைக் கம்பிக்குள்ள விட்டு, அந்த மொட்டைத் தலையில ஊத்தி, அழுத்தித் தடவிக் கழுவி விட்டாரு.

நேரம் எப்பவோ தாண்டிப் போச்சு. சொந்தக்காரங்க ஒவ்வொருத்தராத் தெருக்கதவுப் பக்கம் நகர ஆரம்பிச்சாங்க. வீரையா சாவிக்கொத்தைக் கையில எடுத்தாரு. கம்பியில தட்டணும், அந்த வார்த்தையைச் சொல்லணும். கறிவேப்பிலைக் கன்னைப் பாத்தாரு, சத்தம் வரலை.

மொக்கச்சாமி ஈரத்தலையோட நிமிந்தாரு. கீழே கெடந்த அரிசியைப் பாத்தாரு, வீரையாவைப் பாத்தாரு. வெரலை மடக்கி அவரே கம்பியில லேசாத் தட்டுனாரு.

"மனு முடிஞ்சதுடா வீரையா"ன்னாரு. "எங்கப்பனை அனுப்பி வையி."

வீரையா முன்னால போயித் தெருக்கதவை ரெண்டு பக்கமும் அகலமாத் திறந்து, தலைப்பாகையைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு.